வாரன்டி முடிந்து நாற்பதாம் நாள் இன்ஜின் நின்றது: இனி வழி உண்டா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பேர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. புதன், சனி என்று வாரம் இரண்டு நாள் ஈரோட்டுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். டயாலிசிஸ் முடிந்த உடம்போடு அப்பாவால் பஸ்ஸில் திரும்ப முடியவில்லை. அதற்காகவே 2025 மார்ச் 9-ஆம் தேதி, கோவையில் பழைய கார் விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2016 மாடல் டீசல் கார் ஒன்றை 5,60,000 ரூபாய்க்கு வாங்கினார். அதில் 4 லட்சம் கடன். வாங்கும்போது ஓடோமீட்டர் 74,300 காட்டியது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ‘6 மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை’ என்று வாரன்டி கார்டு கொடுத்தார்கள். டெலிவரி அன்று கையெழுத்து வாங்கிய தாளில், ‘வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்றும் ஒரு வரி இருந்தது.

ஜூலை 5, சனிக்கிழமை. ஈரோட்டிலிருந்து திரும்பும்போது ஆயில் லைட் எரிந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கன்சல்டிங்குக்குப் போன் செய்தார். அவர்கள் திங்கட்கிழமை வண்டியை வரவழைத்து, தங்கள் ஷெட்டில் ஆயில் ஊற்றி, ஒரு சென்சாரை மாற்றி, அன்று மாலையே திருப்பித் தந்துவிட்டார்கள். பில் கிடையாது. ‘சென்சார்தாங்க பிரச்சினை, லைட் எரிஞ்சாலும் பயப்படாம ஓட்டுங்க’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதியோடு வாரன்டி முடிந்தது. அக்டோபர் 18, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கவுந்தப்பாடி தாண்டியதும் மறுபடி லைட் எரிந்தது. அப்பா பின் சீட்டில் படுத்திருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். பத்து கிலோமீட்டருக்குள் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகிப்போய், வண்டி நின்றுவிட்டது. ஓடோமீட்டரில் 81,150.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் சம்பை, அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை மட்டும் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே தார் மாதிரி கறுப்புக் கசடு. ஆயிலை வடிகட்டும் வலையான ஸ்ட்ரெய்னர் அடைத்துக் கிடந்தது. இணைப்பில் கசிவைத் தடுக்கப் பூசும் கேஸ்கட் பேஸ்ட்டும் துணுக்குத் துணுக்காக அதில் சிக்கியிருந்தது. கிராங்க் பேரிங் போய்விட்டது, முழு ஓவர்ஹாலுக்கு 1,92,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் நாளொன்றுக்கு 300 ரூபாய் நிறுத்தக் கட்டணம். உள்ளூர் மெக்கானிக் 90,000 ரூபாய்க்குப் பழைய இன்ஜின் ஒன்றை மாற்றித் தருகிறேன் என்கிறார். கன்சல்டிங்கில் ஒரே பதில்: ‘வாரன்டி முடிஞ்சுதுங்க, நாங்க என்ன பண்றது?’

வாசகர் கேட்பவை இவை. 7,500 கிலோமீட்டர் இன்னும் ஓடவில்லையே, வாரன்டி எப்படி முடியும்? கையெழுத்துப் போட்டுவிட்டதால் உரிமை போய்விட்டதா? கடன் தவணையை நிறுத்தலாமா? போலீசில் 420 புகார் கொடுக்கச் சொல்லி மைத்துனர் வற்புறுத்துகிறார், கொடுக்கலாமா? காரைத் தயாரித்த கம்பெனி மேல் வழக்குப் போட முடியுமா?

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் ஒரு வேலை. மற்றதை அப்புறம் படியுங்கள். சர்வீஸ் சென்டர் மேலாளருக்கு இன்றே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: ‘நான் எழுத்தில் சொல்லும் வரை இன்ஜினை மேற்கொண்டு பிரிக்க வேண்டாம். கழற்றிய சம்ப், ஸ்ட்ரெய்னர், உள்ளே இருந்த ஆயில், கசடு எதையும் அப்புறப்படுத்த வேண்டாம்.’ நகலில் அவர்களுடைய சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கின் ஆதாரம் முழுக்க அந்த இன்ஜினுக்குள்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், வண்டி அவசரமாக வேண்டும் என்று முதலில் ரிப்பேர் செய்துவிட்டு, இரண்டேகால் லட்சத்துக்குப் பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். பழைய பேரிங் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். கோளாறு இருந்தது என்று காட்ட எங்கள் கையில் எதுவுமே இல்லை. தோற்றோம். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

வாரன்டி கார்டும் ஜூலை மாதமும்

‘எது முதலில் வருகிறதோ’ என்று எழுதியிருந்தால், மாதமோ கிலோமீட்டரோ ஒன்று முடிந்தாலே வாரன்டி முடிந்துவிடும். நீங்கள் 6,850 கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கிறீர்கள் என்பது உண்மை. ஆனாலும் செப்டம்பர் 8-ஆம் தேதியோடு கார்டின் காலம் முடிந்துவிட்டது. இதை வைத்து வாதாட வேண்டாம். எடுபடாத வாதத்தை முன்னால் வைத்தால் நல்ல வாதத்தின் எடையும் குறையும்.

உங்கள் நல்ல வாதம் எது என்றால், கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஜூலை விவகாரம்தான். நீங்கள் அக்டோபர் 18-ஐயே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஜூலை 5-ஐத்தான் பார்க்கிறேன்.

அந்தச் சிவப்பு லைட் எதற்கு எரிகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆயில் அளவு குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது ஆயில் பிரஷர் குறைந்ததற்கான எச்சரிக்கை. இன்ஜினின் அடியில் உள்ள சம்ப்பிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. உறிஞ்சும் வாயில் ஒரு வலை, அதுதான் ஸ்ட்ரெய்னர். வலை அடைத்துக்கொண்டால் சம்ப் நிறைய ஆயில் இருந்தாலும் மேலே போகாது. பிரஷர் விழும், லைட் எரியும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்க வேண்டிய ஆயில் இல்லாமல் போய், இரும்போடு இரும்பு உரசும். கடைசியில் இறுகிப்போகும். அக்டோபரில் நடந்தது இதுதான் என்று சர்வீஸ் சென்டரின் குறிப்பிலிருந்து தெரிகிறது.

ஜூலையில் உங்கள் வண்டியைப் பார்த்தவர் பிரஷர் கேஜ் வைத்து அளந்திருக்க வேண்டும். அது பத்து நிமிட வேலை. பிரஷர் குறைவு என்று தெரிந்திருந்தால் சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, சில ஆயிரம் ரூபாயில் முடித்திருக்கலாம். அதைச் செய்யாமல் ஆயிலை ஊற்றி, சென்சாரை மாற்றி, ‘பயப்படாம ஓட்டுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது வாரன்டி உயிரோடு இருந்தது. ஆகவே நீங்கள் நுகர்வோர் ஆணையத்தில் சொல்ல வேண்டியது: ‘வாரன்டிக்குள் கோளாறு வெளிப்பட்டது, வாரன்டிக்குள்ளேயே புகார் கொடுத்தேன், அவர்கள் சரிசெய்யாமல் விட்டார்கள், அதே கோளாறு முற்றி இன்ஜின் போனது.’ இப்படிச் சொல்லும்போது கார்டு என்று காலாவதியானது என்ற கேள்விக்கு முன்பிருந்த பலம் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர்.

இதற்கு உயிர் அந்த வாட்ஸ்அப் குரல் பதிவு. போனை மாற்றாதீர்கள், செயலியை அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். பதிவை இன்னும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஜூலை 5-ஆம் தேதி நீங்கள் பேசிய அழைப்பின் பட்டியல் கிடைத்தால் அதையும் எடுத்துவையுங்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையம் சிவில் நீதிமன்றம் அளவுக்கு இதில் கறார் காட்டுவதில்லை என்றாலும், எதிர்தரப்புக்கு ஒரு ஓட்டையை நாமே ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இன்னொரு விஷயம். தார் மாதிரிக் கசடு ஏழு மாதத்தில் வருவதில்லை. டீசல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். நீங்கள் அந்த அளவையே தொடவில்லை. அவ்வளவு கசடு சேர வேண்டுமானால் பல தடவை ஆயில் மாற்றாமல் தவறவிட்டிருக்க வேண்டும். அதாவது உங்கள் கைக்கு வரும்போதே அது உள்ளே இருந்திருக்கும். கேஸ்கட் பேஸ்ட் துணுக்குகள் வேறொன்றைச் சொல்கின்றன: யாரோ ஏற்கெனவே சம்பைத் திறந்து, பேஸ்ட்டை அள்ளிப் பூசி மூடியிருக்கிறார்கள். விற்பதற்கு முன்பா, ஜூலையிலா, அல்லது முந்தைய உரிமையாளர் காலத்திலா? நிபுணர்தான் சொல்ல முடியும். நடுவில் நீங்கள் வேறு எங்காவது சம்பைக் கழற்றியிருந்தால் மட்டும் இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

‘உள்ளது உள்ளபடி’ கையெழுத்து

இந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வழக்கே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 62-ஆவது பிரிவு, சட்டம் தானாகத் தரும் உத்தரவாதங்களை இருதரப்பும் ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வரியின் பலம் மூன்று இடத்தில் குறைகிறது.

ஒன்று, அதே நாளில் அதே ஆட்கள் இன்ஜினுக்கு ஆறு மாத வாரன்டியும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கையால் உத்தரவாதம் கொடுத்துவிட்டு மறுகையால் எந்த உத்தரவாதமும் இல்லை என்று எழுதி வாங்கினால், அச்சடித்த பொதுவான வரியைவிடக் குறிப்பாகக் கொடுத்த வாரன்டிக்குத்தான் மதிப்பு அதிகம்.

இரண்டு, ‘அப்பாவை வாரம் இரண்டு தடவை ஈரோடு கூட்டிப்போகணும், வழியில் நிற்காத வண்டியா வேணும்’ என்று சொல்லித்தான் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது சாதாரண வரி இல்லை. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, அதே தொழிலில் இருக்கும் விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கும்போது, பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்பது 1930-ஆம் வருடச் சட்டத்தின் 16-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. நீங்கள் அப்படிச் சொன்னபோது கூட வந்தவர் யார்? அவருடைய வாக்குமூலம் வேண்டும்.

மூன்று, ‘மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஓட்டிப் பார்த்தீர்களே’ என்று கேட்பார்கள். சோதித்துப் பார்த்தால் தெரியக்கூடிய குறைக்குத்தான் அந்த வாதம் பொருந்தும். டயர் தேய்ந்திருந்தது, கதவு ஒட்டு வேலை செய்தது என்றால் சரி. சம்புக்குள் இருக்கும் கசடு அரைமணி நேர டெஸ்ட் டிரைவில் தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தில் ‘இந்த ஒப்பந்தமே அநியாயமானது, ரத்து செய்யுங்கள்’ என்று மாவட்ட ஆணையத்தில் கேட்டுவிடாதீர்கள். அநியாய ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை 2019 சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, முறையற்ற வணிகம் என்ற மூன்றோடு நில்லுங்கள்.

அந்தப் பத்து கிலோமீட்டர்

‘லைட் எரிந்தும் ஓட்டியது என் தப்புதானோ என்று தூக்கம் வரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?’ என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

விடக்கூடாது. எதிர்தரப்பின் முதல் வாதமே இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் மறைத்து, அவர்கள் குறுக்கு விசாரணையில் வெளியே கொண்டுவந்தால், மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும். புகாரிலேயே நேராக எழுதுங்கள்: ஜூலையில் லைட் எரிந்தபோது உடனே நிறுத்தினேன். அது சென்சார் கோளாறு, எரிந்தாலும் ஓட்டலாம் என்று விற்றவர்களே சொன்னார்கள். அதை நம்பித்தான் அக்டோபரில் ஓட்டினேன். பின் சீட்டில் நோயாளி இருந்தார். இதைப் படிக்கும் எவருக்கும் புரியும். ஆணையம் உங்கள் பங்கு என்று இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைக்கக்கூடும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் தொழில் தெரிந்தவன் ‘ஓட்டு’ என்று சொன்னதைக் கேட்டு ஓட்டிய உங்கள் மேல் முழுப் பழியும் விழ நியாயமில்லை. அப்பாவை டயாலிசிஸ் முடிந்த உடம்போடு ரோட்டோரத்தில் இறக்கிவிட்டிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒரு நாள் அந்த வார்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

இன்ஜினைப் பிரிக்கும் முறை

வண்டி உங்களுக்கு அவசியம். தீர்ப்பு வரும்வரை அப்படியே போட்டுவைக்க முடியாது, போட்டுவைக்கவும் கூடாது. நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று இழப்பீட்டைக் கணக்கிடும்போது பார்ப்பார்கள். இரண்டு வருடம் வாடகைக் காரில் போய்விட்டு முழுப் பணத்தையும் கேட்டால் கிடைக்காது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்.

கன்சல்டிங்குக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், ஆகவே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, ‘இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன சர்வீஸ் சென்டரில் இன்ஜின் பிரிக்கப்படும். நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ நேரில் வந்து பார்க்கலாம். வராவிட்டால் நீங்கள் இல்லாமலேயே பிரித்து ரிப்பேர் செய்வேன், செலவை உங்களிடம் கோருவேன்’ என்று முடியுங்கள். அவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் அவகாசம் இருக்கட்டும்.

அன்று சம்பந்தமில்லாத ஒரு நிபுணர் கூட இருக்க வேண்டும். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரோ, ஆட்டோமொபைல் பொறியியல் பேராசிரியர் ஒருவரோ இருக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே சித்தோட்டில், முன்பு ஐஆர்டிடி என்றிருந்த அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். அவர் எழுத்தில் தர வேண்டியது மூன்று கேள்விக்குப் பதில்: இன்ஜின் போனதற்குக் காரணம் என்ன, அந்தக் கசடு சேர எவ்வளவு ஓட்டம் தேவை, ஜூலையில் முறையாகச் சோதித்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியுமா. பிரிப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள். இன்ஜின் நம்பரும் ஓடோமீட்டரும் முதலில் படத்தில் வரட்டும். பேரிங், ஸ்ட்ரெய்னர், கொஞ்சம் ஆயில் மூன்றையும் பையில் போட்டு எல்லோரும் கையெழுத்திட்டு முத்திரை வையுங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் பை உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

நிறுத்தக் கட்டணத்தைப் பற்றிச் சர்வீஸ் சென்டர் மேலாளரிடம் நேரில் பேசுங்கள். வேலை அவர்களுக்கே வரப்போகிறது என்று தெரிந்தால் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே இடத்தில் இன்னொன்றும் கேளுங்கள். வண்டியின் பழைய சர்வீஸ் பதிவுகள் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் வந்தது என்ற பட்டியலைப் பிரின்ட் எடுத்து வாங்குங்கள். 2021-லோ 2022-லோ 90,000 என்று பதிவாகியிருந்து, உங்களிடம் 74,300 என்று விற்றிருந்தால், கதையே வேறு. அப்போது அது ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்லும் மோசடி, வாரன்டியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. கசட்டின் அளவைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் எனக்கு வருகிறது. சந்தேகம்தான், தாளைப் பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

90,000 ரூபாய் பழைய இன்ஜினைப் பற்றி: பணம் இல்லாத நேரத்தில் அது இழுக்கும் என்று தெரியும். ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. வேறு நம்பர் இன்ஜின் வைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் தொடாதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்துவிட்டால், இன்று நீங்கள் புகார்தாரர், நாளை குற்றம் சாட்டப்பட்டவர்.

செய்யவேண்டாதவை

தவணையை நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் வேறு, கார் விற்றவர் வேறு. இன்ஜின் போனது கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. சிபில் மதிப்பெண் விழும், வண்டியையே எடுத்துப்போகவும் முடியும். அப்புறம் ஆதாரமும் அவர்களோடு போய்விடும்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். மைத்துனர் சொல்லும் 420 பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது. எண் எதுவானாலும், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டியாக வேண்டும். இப்போது உங்களிடம் அதற்கு ஆதாரமில்லை. ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்து, சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். ஓடோமீட்டர் திருத்தியது காகிதத்தில் தெரிந்தால் அப்போது யோசிப்போம்.

தயாரித்த கம்பெனியை இழுக்காதீர்கள். 2016 மாடல், அவர்களுடைய வாரன்டி எப்போதோ முடிந்திருக்கும். பராமரிப்புக் குறைவால் வந்த கசடு தயாரிப்புக் குறையும் இல்லை. இன்ஷூரன்ஸிலும் எதிர்பார்க்க வேண்டாம். விரிவான பாலிசியே ஆனாலும் தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் சேராது. இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் ஆட்-ஆன்கூடப் பெரும்பாலும் தண்ணீர் புகுவது போன்ற சேதத்துக்குத்தான்.

சமரசமா, ஆணையமா?

நோட்டீஸ் போன பிறகு பேச வருவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்துவையுங்கள், செலவில்லை. உதிரிபாகம் எங்கள் செலவு, கூலி உங்கள் செலவு என்றோ, ஒரு லட்சம் தருகிறோம் என்றோ வந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். அப்பாவின் உடம்பு இருக்கும் நிலையில், கையில் வரும் ஒரு லட்சமும் ஓடும் வண்டியும், இரண்டு வருடம் கழித்து வரக்கூடிய இரண்டு லட்சத்தைவிட உங்களுக்கு அதிகம் உதவலாம். ஆனால் ‘எங்க ஷெட்டுக்கே கொண்டுவாங்க, பார்த்துத் தர்றோம்’ என்றால் மட்டும் மறுத்துவிடுங்கள். பணமாக, எழுத்தில், வங்கி வழியாக.

பேச்சு முறிந்தால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கோவையில் வாங்கியதால் கோவையில்தான் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். 2019 சட்டத்தில் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். உங்கள் விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். எந்த ஆணையம் என்பதைச் செலுத்திய விலைதான் முடிவு செய்கிறது, கேட்கும் தொகை இல்லை. அதனால் 20 லட்சம், 30 லட்சம் என்று ஏற்றிக் கேட்பதில் எந்த லாபமும் கிடையாது. ரிப்பேர் செலவு, நிபுணர் கட்டணம், அக்டோபர் 18 முதல் வண்டி தயாராகும் வரை டயாலிசிஸுக்குப் போன வாடகைக் கார் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு போதும். வாடகைக் காருக்கு ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள், மருத்துவமனை வருகைச் சீட்டோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள். முழு விலையையும் திரும்பக் கேட்கலாம்தான், ஏழு மாதம் ஓட்டிய ஒன்பது வருட வண்டிக்கு அது கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன்.

காலக்கெடு இரண்டு வருடம். ஜூலையிலிருந்தா, அக்டோபரிலிருந்தா என்ற விவாதத்துக்கே இடம் வேண்டாம். வாங்கிய தேதியிலிருந்து எண்ணி 2027 மார்ச்சுக்கு வெகு முன்னாலேயே போட்டுவிடுங்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிடுகிறது. நடுவில் சமரச மையத்துக்கு அனுப்பும் வாய்ப்பும் உண்டு, அனுப்பினால் போங்கள்.

வெல்வீர்களா? குரல் பதிவும் நல்ல நிபுணர் அறிக்கையும் இருந்தால் உங்கள் பக்கம் கனமாக இருக்கிறது என்பது என் கணிப்பு. குரல் பதிவு இல்லாமல் வாரன்டி கார்டு மட்டும் இருந்திருந்தால், பேசித் தீர்க்கப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இவர் கடை வைத்துத் தொழில் செய்பவரிடம் வாங்கியதால்தான் இத்தனை வழி. தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது, சிவில் நீதிமன்றம்தான்.

2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கன்சல்டிங்குக்கு அது உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவையுங்கள். அதை மட்டும் வைத்து வழக்கு ஜெயிக்காது, ஆனால் எப்படிப்பட்ட இடம் என்று ஆணையத்துக்குத் தெரியும்.

அப்பாவின் சிகிச்சையை இது தடுக்கக்கூடாது. கோபியிலேயே டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா, முதலமைச்சர் காப்பீட்டில் சேருமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். தற்காலிகமாக மாற்றிக்கொள்ள முடிந்தாலும் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். சர்வீஸ் பட்டியல் கைக்கு வந்ததும், 74,300-க்கு மேல் ஏதாவது எண் அதில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்து எனக்கு எழுதுங்கள். நோட்டீஸில் எதை எழுதுவது என்பது அதைப் பொறுத்தது.